அளவெடுத்துத் தைத்த எதிரி

எதிரி என்பவன் நம் பலத்துக்குத் தக்கபடி இருக்க வேண்டும் என்பது இப்போது ஒரு தர்மமாகவே ஆகிவிட்டது. வீடியோ கேம் செய்கிறவர்கள், அதைப் பற்றி எழுதுகிறவர்கள், ஆடுகிறவர்கள் எல்லோரும் 'பாலன்ஸ்', 'பாலன்ஸ்' என்று ஒரே வார்த்தையை உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். தராசின் இரண்டு தட்டும் நேராக நின்றால் அது நல்ல விளையாட்டு. ஒரு தட்டு தாழ்ந்துவிட்டால் யாருக்கோ அநீதி நடந்துவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்தத் தராசில் எதை நிறுக்கிறார்கள், தராசைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று மட்டும் கேட்பாரில்லை. ஆடுகிறவனின் உடம்புக்கு அளவெடுத்து எதிரியைத் தைக்கும் இந்தப் பழக்கம், விளையாட்டுக்குள் இருக்கும் உலகத்தைக் கொன்றுவிடுகிறது என்பதுதான் என் கட்சி.

கவிதையும் நாவலும் பேசப்படும் இந்தப் பக்கங்களில் இதற்கு என்ன வேலை என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். சினிமாவையும் இப்படித்தான் வெகுகாலம் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தோம். விமர்சனம் இல்லாத வீட்டில் அது எப்படி வளர்ந்தது என்பதைப் பார்த்துக்கொண்டும் இருக்கிறோம். இன்று பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் தன் பிரக்ஞையின் கணிசமான நேரத்தை ஒரு கற்பனை தேசத்தில் நடந்தே கழிக்கிறான் என்றால், அந்த தேசம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது நம் விஷயம்தான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'திறந்த உலகம்' என்று அழைக்கப்படும் கேம்களில் ஆடுகிறவன் ஒரு பாத்திரத்தை ஏற்கிறான். அவன் முன்னால் மலை, காடு, ஊர், பாழடைந்த கோட்டை என்று ஒரு தேசம் விரிந்து கிடக்கிறது. எந்தத் திசையிலும் போகலாம். எதை முதலில் செய்வது என்பது அவன் இஷ்டம். சண்டை போடப் போட அனுபவம் எண்ணாகச் சேர்கிறது. எண் சேர்ந்தால் 'லெவல்' ஏறுகிறது. லெவல் ஏறினால் பலம் கூடுகிறது. செய்கிறவனுக்குச் சிக்கல் இங்கேதான். எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று சொல்லியாயிற்று. போன இடத்தில் இருக்கும் எதிரி எவ்வளவு பலசாலியாக இருப்பது? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எதிரி தன் இடத்தில் தான் இருக்கிறபடி இருப்பான். வருகிறவன் தன் பலத்தைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். மற்றது, வருகிறவனின் லெவலைப் பார்த்து எதிரி தன்னை ஏற்றி இறக்கிக்கொள்வான். இரண்டாவதற்கு 'லெவல் ஸ்கேலிங்' என்று பெயர்.

இதன் பிரசித்தி பெற்ற உதாரணம் 2006 மார்ச்சில் பெத்தெஸ்டா நிறுவனம் வெளியிட்ட 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 4: ஆப்லிவியன்'. மரமும் வெளிச்சமும் அழகாக அமைந்த உலகம். ஆனால் ஆடுகிறவன் லெவல் ஏற ஏற வழிப்பறிக்காரனும் கூடவே ஏறுகிறான். ஆரம்பத்தில் ரோமமும் தோலும் போர்த்திக்கொண்டு வழிமறித்தவன், பிற்பாடு அந்த தேசத்திலேயே அபூர்வமான 'க்ளாஸ்' கவசத்தைப் பூட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். உடம்பில் ஒரு ஜமீனின் சொத்தை மாட்டிக்கொண்டு சொற்பப் பொன்னுக்காகச் சாகத் துணிகிறான். பலரும் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிப்பதற்கு மேலும் ஒன்று இதில் இருக்கிறது. அந்த வழிப்பறிக்காரனுக்கு நேற்று என்பது இல்லை. அவன் எங்கே திருடினான், எதற்காக இந்த வழியில் வந்து உட்கார்ந்தான், ஏன் ஏழை, ஏன் பணக்காரன் என்று எதுவும் இல்லை. நாம் வந்த கணத்தில் நம் அளவுக்குச் சிருஷ்டிக்கப்பட்டு, நாம் கொன்றதும் முடிந்துபோகிற நம் நிழல் அவன்.

இதைவிட விபரீதம் ஒன்று உண்டு. அந்த கேமில் லெவல் ஏற வேண்டுமானால் பாத்திரம் படுத்துத் தூங்க வேண்டும். விவரம் தெரிந்த ஆட்டக்காரர்கள் சிலர் என்ன செய்தார்கள் தெரியுமா? தூங்காமலே இருந்தார்கள். ஏனென்றால், பேச்சுத் திறமையையும் வியாபாரத் திறமையையும் பிரதானமாக வளர்த்துக்கொண்டவனுக்கும் லெவல் ஏறிவிடும். லெவல் ஏறினால் ஓநாய் இருந்த காட்டில் கரடி வரும். கரடியிடம் பேரம் பேச முடியாது. ஆக, கற்றுக்கொள்வதே ஆபத்தாகிறது. வளராமல் இருப்பதுதான் சாமர்த்தியம். 'வளர்ச்சி'யை மையமாக வைத்துக் கட்டப்பட்ட ஒரு கலைவடிவம் தன் மையத்தையே தின்றுவிட்டது. எதிரியும் நானும் ஒரே படிக்கட்டில் ஒரே வேகத்தில் ஏறினால், நான் ஏறினேன் என்பதற்கு என்ன அத்தாட்சி? சுவரே இல்லாத இடத்தில் உயரத்தை எங்கே கோடு போட்டுப் பார்ப்பது?

அது ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து இயந்திரம் வாங்குகிறவர்கள் சமாசாரம் என்று நாகப்பட்டினத்தில் இருந்துகொண்டு ஒதுக்கிவிட முடியாது. சீனாவின் மிஹோயோ நிறுவனம் 2020 செப்டம்பரில் 'கென்ஷின் இம்பாக்ட்' என்ற திறந்த உலகத்தைக் கைபேசியிலேயே, காசு வாங்காமல் இறக்கிவிட்டது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஆடலாம். இதில் தனித்தனி எதிரிகூட ஏறுவதில்லை. உலகமே மொத்தமாக ஏறுகிறது. 'வேர்ல்ட் லெவல்' என்றே பெயர். ஆடுகிறவனின் படிநிலை ஒரு எல்லையைத் தாண்டியதும் மலைமேல் இருப்பவன், ஆற்றங்கரையில் இருப்பவன், நேற்று ஒரே வீச்சில் விழுந்தவன் எல்லோரும் ஓர் இரவில் தடித்துவிடுகிறார்கள். கிடைக்கும் வெகுமதியும் கூடுகிறது, வாஸ்தவம். ஆனால் அவர்களுக்கு ஈடுகொடுக்கப் பாத்திரங்களை பலப்படுத்த வேண்டும். அதற்கான சரக்கைச் சேகரிக்க 'ரெசின்' என்ற ஒன்று செலவாகும். அது 8 நிமிஷத்துக்கு ஒன்றுதான் ஊறும். அவசரமென்றால் காசு கொடுத்து நிரப்பிக்கொள்ளலாம். புதிய, பலசாலியான பாத்திரம் வேண்டுமென்றால் சீட்டுக் குலுக்கல். உயர்ந்த ரகத்தில் ஒன்று 90 குலுக்கலுக்குள் விழும் என்று உத்தரவாதம். குலுக்கலுக்கும் காசு உண்டு. உலகத்தின் லெவலை ஒரு படி இறக்கிக்கொள்ளலாம் என்று பின்னால் ஒரு சலுகை கொடுத்தார்கள். பசியைக் கிளப்பிவிட்டவனே அரை வயிறு போதுமென்றால் இறக்கிக்கொள் என்கிறான்.

2018இல் யுபிஸாஃப்ட் வெளியிட்ட 'அஸாஸின்ஸ் க்ரீட் ஒடிஸி'யில் பண்டைய கிரேக்கத்தின் சிப்பாய்கள் ஆடுகிறவனின் லெவலைத் துரத்திக்கொண்டே வருகிறார்கள். அதே கேமின் கடையில், அனுபவ எண்ணை வேகமாகச் சேர்க்கும் வசதி நிஜப் பணத்துக்கு விற்கப்பட்டது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளட்டும். எதிரி தன் இடத்தில் நின்றால் அவனைத் தாண்டிவிட்டேன் என்று ஒருநாள் தெரிந்துபோகும். தாண்டியது தெரிந்துவிட்டால் தேவை தீர்ந்துவிடும். தீராத தேவைக்கு, கூடவே நடந்து வரும் எதிரிதான் தோது.

'அப்படியானால் பலமில்லாதவன் பலசாலியிடம் மாட்டிக்கொண்டு சாக வேண்டியதுதானா? இது என்ன நியாயம்?' என்று கேட்கிறார்கள். சமமாக இருப்பதையும் சமநிலையில் இருப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருகிற கேள்வி இது. நம்மிடமே ஆடுபுலி ஆட்டம் இருக்கிறது. 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆட்டுக்கு வெட்டும் அதிகாரமே கிடையாது. ஆட்டைப் புலியோடு தராசில் வைத்தால் ஒரு நொடி நிற்காது. ஆனாலும் ஆட்டம் நிற்கிறது. பின்னால் துணை நிற்கும் ஆட்டைப் புலியால் தாண்ட முடியாது. கூடி நின்று வழியடைத்தால் புலி அசையாமல் கட்டுண்டு போகும். இரண்டு பக்கமும் ஒரே பலத்தில் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. வேறு வேறு வகையான பலத்தோடு வருகின்றன. அதனால்தான் அது சலிப்பதில்லை. இதில் 'பாலன்ஸ்' செய்கிறேன் பேர்வழி என்று ஒருவன் ஆட்டுக்கும் கொஞ்சம் பல் முளைக்க வைத்தால் ஆட்டம் அன்றோடு முடிந்தது. தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் மண்டபத்துக் கல்தரையிலேயே இந்தக் கட்டத்தை வெட்டி வைத்திருக்கிறார்கள். கல், உட்காருகிறவனின் முகத்தைப் பார்த்துக் கோட்டை நகர்த்துவதில்லை. தோற்றவன் நாளைக்கு வந்து அதே கோட்டின்மேல் வேறு விதமாக யோசிக்கிறான். பரமபதத்திலும் பாம்பு தன் கட்டத்தில்தான் படுத்திருக்கிறது. நாம் ஏணி ஏறிவிட்டோம் என்பதற்காக அது நீள்வதில்லை.

நம் இலக்கியத்தில் இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்', 1959. ஜமீந்தாரின் காளை காரி. பிச்சியின் அப்பன் அம்புலியைக் கொன்றது அது. அதை அணைக்கத்தான் பிச்சி வருகிறான். சிறிய புத்தகம். அதன் முழுப் பாரமும் ஒரே ஒரு ஸ்தூலமான விஷயத்தின் மேல் நிற்கிறது: அப்பனைக் கொன்ற காளையும் மகன் முன்னால் வந்து நிற்கும் காளையும் ஒன்று. அம்புலிக்கு ஒரு காரி, பிச்சிக்கு ஒரு காரி என்று அளவெடுத்துத் தைத்திருந்தால் பிச்சி அணைத்தது எதை? பிச்சிக்காக அந்த மாடு வளர்க்கப்படவில்லை. அதற்கென்று ஒரு குணம், ஒரு சூது, ஒரு எஜமானன் உண்டு. அதைப் பார்த்து, அதன் போக்கைப் படித்துத்தான் அவன் கை வைக்க முடிகிறது. கடைசியில், தோற்ற காரியை ஜமீந்தார் சுட்டுக் கொல்வது நமக்குத் தைக்கிறதே, ஏன்? பிச்சியின் ஜெயத்துக்கு அப்பாலும் காரிக்கு ஒரு வாழ்வு இருந்ததால்தான். க்ளாஸ் கவசம் போட்ட அந்த வழிப்பறிக்காரன் செத்தால் யாருக்கு என்ன?

திறந்த உலகத்தில் இப்படிச் செய்ய முடியாது, வியாபாரமாகாது என்பார்கள். செய்திருக்கிறார்கள். 2010இல் அப்ஸிடியன் செய்த 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' குட்ஸ்ப்ரிங்ஸ் என்ற பாலைவனச் சிற்றூரில் ஆரம்பிக்கிறது. போக வேண்டிய நகரம் வடக்கே. வடக்கு வழியில் ராட்சசக் குளவிகளும் 'டெத்க்ளா' என்ற கொடிய பிராணிகளும் இருக்கின்றன. யாரும் கதவைப் பூட்டவில்லை; எச்சரிக்கை மட்டும் கிடைக்கிறது. மீறிப் போனவன் சாகிறான். ஆகவே தெற்கே இறங்கிச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அப்படிச் சுற்றுவதில்தான் அந்தப் பாலைவனத்தின் ஊர்களும் சண்டைகளும் அரசியலும் அவனுக்குத் தெரியவருகின்றன. அந்த கேமிலும் அங்கங்கே அளவு மாற்றம் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் வடக்கு வழி வடக்கு வழியாகவே இருக்கிறது. முப்பது மணி நேரம் கழித்துத் திரும்பி வருகிறவன் தான் மாறியிருப்பதை அங்கே போய்த் தெரிந்துகொள்கிறான். பூகோளம் என்பது இதுதான்.

2001இல் ஜெர்மனியின் பிரான்யா பைட்ஸ் என்ற சின்னக் குழு 'காதிக்' என்று ஒன்று செய்தது. கையாளுவது கரடுமுரடு, முதல் மணி நேரத்தில் காட்டுப் பிராணி ஒன்றே ஆளைத் தீர்த்துவிடும். வாசகர் வட்டம் சிறியது, ஆனால் விசுவாசமானது. 2024இல் அந்தக் குழு மூடப்பட்டது. சிறுபத்திரிகைக்காரர்களுக்குப் பழக்கமான சரித்திரம். சிறுமைதான் நேர்மைக்கு விலை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடவும் வேண்டாம். ஃப்ரம்ஸாஃப்ட்வேர் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட 'எல்டன் ரிங்'கில், வெளியே காலெடுத்து வைத்ததுமே தங்கக் கவசம் பூண்ட குதிரைவீரன் ஒருவன் உலாவிக்கொண்டிருக்கிறான். புதியவனால் அவனை ஒன்றும் செய்ய முடியாது. ஒதுங்கிப் போகலாம், தேசம் பெரிது, பலம் சேர்த்துக்கொண்டு திரும்பி வரலாம். இரண்டு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஜனங்களுக்கு இது தாங்காது என்று ஜனங்களைக் கேட்காமலே சொல்கிறவர்கள் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள்.

எதிர்க்கட்சிக்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. அதையும் நானே அழைத்துவிடுகிறேன். 2017இல் நிண்டெண்டோ வெளியிட்ட 'ஸெல்டா: ப்ரெத் ஆஃப் த வைல்ட்'. எதிரிகளைக் கொல்லக் கொல்ல உள்ளே ரகசியமாக ஒரு கணக்கு ஏறி, சிவப்பு நிறத்தவன் இருந்த இடத்தில் நீலமும் கறுப்பும் வெள்ளியுமாக பலசாலிகள் வருகிறார்கள். யாரும் புகார் செய்யவில்லையே என்பார்கள். கவனித்துப் பார்த்தால் அந்த உலகத்தின் நடுவில் கோட்டை ஒன்று ஆரம்பத்திலிருந்தே கண்ணில் படுகிறது. முதல் மேட்டிலிருந்து இறங்கியதும் நேரே அங்கே போகலாம், கையில் ஒரு கழியோடு கடைசி எதிரியைச் சந்திக்கலாம், சாகலாம். அந்த எதிரி யாருடைய வளர்ச்சிக்காகவும் காத்திருக்கவில்லை, யாருக்காகவும் குனியவுமில்லை. மையம் அசையாததால் ஓரத்தின் சில்லறை மாற்றங்களை உலகம் தாங்கிக்கொள்கிறது. மையத்தையே ரப்பராகச் செய்தவர்களைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

எதிரியின் தலைக்கு மேல் மாறாத எண் ஒன்றை எழுதிவிட்டாலும் காரியம் ஆகிவிடாது. 2015இல் போலந்திலிருந்து வந்த 'தி விட்சர் 3' கதை சொல்வதில் எவ்வளவோ மேலானது. அதில் நீரில் மூழ்கிச் செத்த பிணப்பிசாசு ஒன்று வருகிறது. இந்த ஆற்றில் அதற்குச் சிறிய எண், அந்தத் தீவில் பெரிய எண். அதே நகம், அதே பாய்ச்சல்; எண் மட்டும் வேறு. நிலைத்திருக்க வேண்டியது எதிரியின் இயல்பு. அந்த இயல்புக்கும் அவன் நிற்கும் இடத்துக்கும் உள்ள உறவு.

இன்னொரு கூட்டத்தையும் இங்கேயே கவனித்துவிட வேண்டும். கஷ்டமாக இருந்தால் அதுவே கலை என்று மார்தட்டும் கூட்டம். எல்டன் ரிங் முடித்தேன் என்பதை மெடலாகக் குத்திக்கொண்டு அலைகிறவர்கள். நம்மிடையேயும் இவர்களுக்குச் சகோதரர்கள் உண்டு. புரியாத கவிதை எழுதியதாலேயே கவிஞன் ஆனவர்கள். கஷ்டம் ஒரு பொருளின் இயல்பிலிருந்து வந்தால் அதற்கு மரியாதை உண்டு. வாசலில் முள் போட்டு வைத்துவிட்டு உள்ளே காலி வீடாக இருந்தால் அது வெறும் ஜம்பம். விரலோ கண்ணோ ஒத்துழைக்காத ஒருவர், வேகத்தைக் குறைத்துக்கொள்ளவோ அடியைக் குறைத்துக்கொள்ளவோ வழி கேட்டால் அதை மறுக்க நான் யார்? 2018இல் வந்த 'செலெஸ்ட்' அப்படி ஒரு ஏற்பாட்டை வெளிப்படையாகச் செய்தது. மலை எவ்வளவு உயரம் என்பதைச் சொல்லிவிட்டு, ஊன்றுகோலையும் பக்கத்தில் வைத்தது. மலையின் உயரத்தைத் திருட்டுத்தனமாகக் குறைத்துவிட்டு, 'ஏறிவிட்டாய், சபாஷ்' என்று முதுகில் தட்டுவது வேறு காரியம். முன்னதில் எனக்கு மரியாதை இருக்கிறது. பின்னதில் என்னை ஏமாளி என்று ஒருவன் முடிவு செய்துவிட்டான்.

இந்த சபாஷ் நமக்குப் புதியதில்லை. வியாபாரப் பத்திரிகைகள் வாசகனின் 'லெவலை' முன்கூட்டியே நிர்ணயித்து, அந்த உயரத்துக்குமேல் ஒரு வாக்கியம்கூட எழும்பாமல் பார்த்துக்கொண்ட சரித்திரத்தை நாம் அறிவோம். நம் சினிமாவின் வில்லனும் நட்சத்திரத்துக்கு அளவெடுக்கப்பட்டவன்தான். நட்சத்திரத்தின் மார்க்கெட் ஏற ஏற அடியாட்களின் எண்ணிக்கை ஏறுகிறது. இரண்டு சுமோவில் வந்தவர்கள் இருபது சுமோவில் வருகிறார்கள். விழுகிற விதம் மட்டும் மாறுவதில்லை. வில்லனுக்கு வேலை, வீடு, பயம் எதுவும் கிடையாது. அளந்து தைத்த எதிரி, அளந்து தைத்த கதை, அளந்து தைத்த வாசகன் எல்லாம் ஒரே தையற்கடையில் தயாராகிறவை.

இதை நாகப்பட்டினத்திலிருந்து சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இது கடைமடை. மேட்டூரில் ஜூன் 12இல் திறக்க வேண்டிய தண்ணீர் திறந்தாலும், திறக்காவிட்டாலும், இங்கே வந்து சேர்வது கடைசியில். உழுகிறவனின் திறமையைப் பார்த்து அது தன் அளவைத் திருத்திக்கொள்வதில்லை. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் இந்தக் கரையில் ஏறியபோது பத்து வருஷத்துத் தென்னையும் ஐம்பது வருஷத்துத் தென்னையும் ஒன்றாகத்தான் விழுந்தன. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடை என்று சர்க்கார் சொல்லும். ஐப்பசி கார்த்திகையில் இன்று இறங்கலாமா கூடாதா என்பதைக் கடலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பார்க்கத் தெரிவதுதான் அங்கே லெவல். இங்கே பிறந்தவனுக்குத் தன்னை ஒரு பொருட்டாக மதிக்காத உலகம் எது என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அந்த அறிவைத்தான் இந்த ரப்பர் உலகங்கள் அவன் கையிலிருந்து பிடுங்குகின்றன.

நாளைக்கு யாராவது இந்த ஊரை வைத்தே ஒரு திறந்த உலகம் செய்வார்கள். ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூடாமணி விகாரம், 1025இல் கடாரத்தின்மேல் போன ராஜேந்திரனின் கப்பற்படை, 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர்களும் 1781இல் அவர்களிடமிருந்து ஆங்கிலேயர்களும் ஊரைப் பிடித்துக்கொண்டது என்று சரக்குக்குப் பஞ்சமில்லை. கோபுரத்தை வரைந்துவிடுவார்கள், நாதஸ்வரமும் வைத்துவிடுவார்கள். அதையே 'மண்வாசனை' என்று பாராட்டவும் ஆட்கள் கிடைப்பார்கள். நான் பார்க்கப்போவது ஒன்றைத்தான். கோடியக்கரைக்கு வெளியே கார்த்திகை மாதத்துக் கடல், முதல் மணி நேரத்தில் படகோட்டத் தெரியாதவனுக்கும் நூறாவது மணி நேரத்தில் தளபதியானவனுக்கும் ஒரே கடலாக இருக்கிறதா? இருந்தால் அதைப் பற்றி இந்தப் பக்கங்களில் விஸ்தாரமாகப் பேசலாம். இல்லாவிட்டால், 'பாலன்ஸ்' என்ற அந்த வார்த்தையைத் தராசோடு சேர்த்து மளிகைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம், அவருக்காவது உபயோகப்படும்.